ஒரு டப்பா பேச்சு

தலாரா பண்ணை,
மார்ச் 8, 1953

அன்புள்ள ஹில்டா அக்கா,

நீ நலம்தானே? அடிலெய்டில் வெயில் தணிந்திருக்கும். இங்கே மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். போன தபால் லாரிக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "இங்கே விசேஷம் ஒன்றுமில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். என் வியாதியே அதுதான் என்று இப்போது டாக்டரும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணையில் பறக்கும் டாக்டரின் விமானம் இறங்கியது. லினெட்டைத் தூக்கிக்கொண்டு நாற்பது மைல் போனேன். வருகிற ஏப்ரலில் அவளுக்கு மூன்று வயது. இன்னும் ஒரு சொல் இல்லை, அக்கா. 'அம்மா' இல்லை, 'பால்' இல்லை. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாள். டாக்டர் அவள் பின்னால் நின்று கை தட்டினார், திரும்பினாள். சாவிக்கொத்தை ஆட்டினார், அதற்கும் திரும்பினாள்.

"காதுல ஒரு கோளாறும் இல்லை. வீட்டுல பேச்சு உண்டா?" என்றார்.

"என்ன பேச்சு, டாக்டர்?"

"சும்மா பேச்சும்மா. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பேசிக்கிறது."

கிளாரி ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவான், அதில் முப்பது நாய்க்கு. நான் லினெட்டின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். டாக்டரே சொன்னார்: "கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு சொல்லாவது வரணும். வரலேன்னா பட்டணத்துல பேசாத குழந்தைங்க விடுதியில ஒரு வருஷம் விட்டுப் பார்க்கணும். வேற வழியில்லை."

ஒரு வருஷம். அவள் ராத்திரியில் என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

இங்கே பேச்சே இல்லையென்று சொல்ல முடியாது. காலை ஒன்பதரைக்கு டாக்டரின் விமானத் தளத்து இருவழி ரேடியோவில் மருந்து, தந்தி எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் பண்ணைப் பெண்களுக்கு விடுவார்கள். நாற்பது வீடு ஒரே அலையில். மரத்தில் கூடிக் கத்துகிற சிவப்புக் கிளிகள் மாதிரி இருக்கிறதாம், ஆண்கள் அதற்குக் கிளிக் கச்சேரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்திப் பேசி, முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்தவள் வாயைத் திறக்கலாம். என் முறை வந்தால் "தலாராவில் எல்லாரும் நலம், ஓவர்." மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறேன். லினெட் மேசைக்கு அடியில் உட்கார்ந்து இதைத்தான் கேட்கிறாள்.

தாவரவியலில் பட்டம் வாங்கினேன். இருநூறு புல்லுக்கு லத்தீன் பெயர் தெரியும். ஒரு குழந்தையிடம் ஐந்து நிமிஷம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நீ கடையில் ரிப்பன் கவுண்டரில் நின்றால் வாங்க வராதவர்கள்கூட நின்று கேட்பார்களே, அந்தப் பேச்சையெல்லாம் எங்கிருந்து எடுக்கிறாய்? கேலி செய்யாமல் சொல்லிக்கொடு.

உன் தங்கை,
எனிட்


நார்வுட், அடிலெய்டு,
மார்ச் 22, 1953

என் அருமை எனிட்,

உன் கடிதம் பார்த்தேன். குழந்தையின் கன்னத்துக்கு என் முத்தம். எனக்குத் தொண்டை மட்டும் மூன்று வாரமாகக் கட்டியிருக்கிறது. தேன், எலுமிச்சை, திட்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மற்றபடி குதிரை மாதிரி இருக்கிறேன்.

அசடே, பேச்சு உள்ளேயிருந்து ஊறுகிறதென்று நினைத்தாயா? வெளியேயிருந்துதான் பொறுக்க வேண்டும். சமையலறையில் காலித் தேயிலை டப்பா ஒன்று இருக்குமே, அதை எடுத்து ரேடியோ பக்கத்தில் வை. தினமும் மூன்று துண்டுச்சீட்டு எழுதிப் போடு. பெரிதாக எதையும் தேடாதே. நாய் தும்மினது, ரொட்டி தீய்ந்தது போதும். யாராவது ஏதாவது சொன்னால் அவர் சொன்ன வார்த்தையையே எழுது. உன் வார்த்தையில் எழுதினால் சப்பென்று போகும். நீ அசடு வழிந்த கதை கிடைத்தால் அதுதான் முதல் தரம், அதில் ஆரம்பி. வாயைத் திறக்கும் முன்பே கடைசி வரி எதுவென்று தெரிந்திருக்கட்டும். அதை அடைந்ததும் நிறுத்து. நான் கவுண்டரில் செய்வது இவ்வளவுதான்.

செவ்வாயன்று ஓர் அம்மாள் பழைய தொப்பி ரிப்பனைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "ஆறு மாசம்தான் ஆச்சு, சாயம் வெளுத்துப் போச்சு, மாத்திக் கொடு" என்றாள். "அம்மா, இந்த ஆறு மாசத்துல நானும்தான் வெளுத்திருக்கேன். என்னை யாரும் மாத்தித் தரலையே" என்றேன். சிரித்துவிட்டு இரண்டு கஜம் புதிதாக வாங்கிப் போனாள். எங்கள் மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அதையும் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

டப்பா நிறைந்ததும் எழுது. கிளாரிக்கு என் அன்பைச் சொல். அவனிடமிருந்து பதிலாக ஒரு வார்த்தை கிடைத்தால் அனுப்பு, கண்ணாடி போட்டு மாட்டுகிறேன்.

எப்போதும் உன்,
ஹில்டா


தலாரா,
ஏப்ரல் 19, 1953

அன்புள்ள அக்கா,

தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறாயா? லினெட்டுக்குப் பிறந்தநாள் கேக் செய்தேன். மெழுகுவத்தியை ஊதினாள். அந்த ஊதலிலாவது ஒரு சத்தம் வருமா என்று பார்த்தேன், காற்று மட்டும் வந்தது.

உன் சொல்லை மீறி முதல் நாள் பெரிதாகத் தொடங்கிவிட்டேன். உப்புப் புதர் தன் இலையில் உப்பை எப்படி ஒதுக்குகிறது என்று நான்கு நிமிஷம் பேசி, "ஓவர்" என்றேன். ரேடியோவில் நிசப்தம். பிறகு எங்கோ ஓர் ஆண் குரல்: "யாராவது செத்துட்டாங்களா? ஓவர்."

காது எரிந்தது. மூன்று நாள் ரேடியோப் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் டப்பாவில் சீட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. நான்காம் நாள், கிளாரி புதுத் தொப்பி போட்டால் நாய் அவனை யாரோ என்று நினைத்து ஆட்டை மடக்க மறுப்பதையும், அவன் பழைய தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதையும் சொன்னேன். டாட் என்று ஒருத்தி, என் வயதுதான், குதிரை மாதிரி சிரிப்பாள். "எனிட்! உனக்குள்ள இதெல்லாம் இருக்கா? இவ்வளவு நாள் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே? ஓவர்!" என்றாள். பெங்கெல்லி அம்மாள் என்று வடகோடிப் பண்ணையில் ஒருவர், எழுபது வயது, எல்லாரும் பயப்படுவார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம்?"

அப்புறம் என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. உன் சாயம் போன ரிப்பன் கதையைச் சொன்னேன். நாற்பது வீடும் சிரித்தது, அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

லினெட்டிடமும் பேசுகிறேன். மாவு பிசையும்போது மாவைப் பற்றி, துவைக்கும்போது கிளாரியின் காலுறையைப் பற்றி. அவள் என் வாயையே பார்க்கிறாள். ரேடியோப் பெட்டியின் பக்கத்தில் மோர்ஸ் தட்டுகிற ஒரு தந்திச் சாவி இருக்கிறது, புழுதிப் புயலில் குரல் எடுபடாத நாட்களில் தட்டுவதற்கு. எங்களுக்குத் தட்டத் தெரியாது. அவள்தான் டக் டக்கென்று தட்டி விளையாடுகிறாள். உனக்கு நீ யுத்த காலத்தில் வேலை பார்த்த தந்தி ஆபீஸ் ஞாபகம் வரும்.

இன்னும் கதைகள் அனுப்பு. நிறைய.

உன் எனிட்


நார்வுட்,
ஜூன் 14, 1953

அன்புள்ள எனிட்,

பதில் தாமதம்தான், பொறுத்துக்கொள். ராணியின் முடிசூட்டு விழாவுக்கு ஊரே சிவப்பு வெள்ளை நீலம் கேட்டது. எல்லா ரிப்பனும் தீர்ந்தது. நான் இப்போது கவுண்டரில் இல்லை. பின்னால் பார்சல் கட்டும் அறைக்கு மாறிவிட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை, ஜன்னல் உண்டு. உடம்பு தேறிவிட்டது. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் டப்பாவுக்கு இரண்டு. ஜன்னலுக்கு எதிரே ஒரு மாடி. அங்கே ஒரு கிழவர் தினம் மதியம் இரண்டு நாற்காலி போடுவார். ஒன்றில் உட்காருவார், மற்றது காலியாக இருக்கும். நேற்று அதில் ஒரு பூனை ஏறி உட்கார்ந்தது. அவர் எழுந்து உள்ளே போய் இன்னொரு கோப்பை கொண்டுவந்தார்.

இன்னொன்று டிராமில். எதிரே பருத்த கனவான் ஒருவர், நார்வுட்டிலிருந்து நகரம் வரை எனக்குத் தன் கல்லீரலின் சரித்திரம் சொன்னார். இறங்கும்போது தொப்பியைத் தூக்கினார். "அம்மணி, முப்பது வருஷமா இந்த டிராம்ல வர்றேன். வாயை மூடிக்கத் தெரிஞ்ச ஒரு பொம்பளையை இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார்.

லினெட்டுக்குக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பியிருக்கிறேன். காது மூடாமல் பின்னியிருக்கிறேன், பேச்சு விழ வேண்டுமே.

அன்புடன்,
ஹில்டா


தலாரா,
ஜூலை 12, 1953

அன்புள்ள அக்கா,

தொப்பி அளவாக இருக்கிறது. லினெட் அதைக் கழற்ற விடுவதில்லை. உன் உடம்பு தேறியது என்று படித்ததும் நிம்மதி. கவுண்டரை விட உனக்கு எப்படி மனது வந்தது? பார்சல்களிடம் என்ன பேசுவாய்?

உன் பூனைக் கதையைச் சொன்னேன். பிறகு வரிசையாக ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் காலி நாற்காலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அரை மணி போதவில்லை, தளத்துக்காரர் ஃபிராங்க் "அம்மாக்களே, ஒருத்தருக்குக் குடல்வால் வலி, அலையை விடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. இப்போது காலையில் பெட்டியைத் திறந்தாலே "ஹில்டா அக்கா கதை வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

டிராம் கதைக்கு டாட் கொதித்துப்போனாள். "அந்தத் தடியனுக்கு உங்கக்கா என்ன பதில் சொன்னாங்க? அதைச் சொல்லாம விட்டா எப்படி? ஓவர்!" உன் பதிலை எழுத மறந்துவிட்டாய் போல. அடுத்த லாரியில் அனுப்பு, நாற்பது வீடு காத்திருக்கிறது.

லினெட் இன்னும் பேசவில்லை. உதட்டை மட்டும் அசைக்கிறாள், நான் பேசும்போது கூடவே. ஆனால் சத்தமில்லை. நான் நிறுத்தாமல் பேசுகிறேன், அக்கா. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை. கிளாரி நேற்று "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ, எனிட்" என்றான். டிசம்பருக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. எப்படி மூச்சு வாங்குவேன்?

உன் எனிட்


நார்வுட்,
ஆகஸ்ட் 9, 1953

அன்புள்ள எனிட்,

அடிப்பாவி, என் கடிதத்தைப் பாதி நாட்டுக்கு வாசிக்கிறாயா? நல்லவேளை, வீட்டுக்காரம்மாவின் பொய்ப்பல்லைப் பற்றி எழுதாமல் விட்டேன். இனி எழுதுகிறேன்.

நலமாகவே இருக்கிறேன். கழுத்தில் குளிர் படாமல் சால்வை சுற்றிக்கொள்கிறேன்.

டிராம் கனவானுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சில கதைக்குப் பதில் இருக்காது.

இதோ வேறு: மீன் கடையில் ஒரு பெண் மீனின் கண்ணைப் பார்த்து "இது என்னையே முறைக்குது, வேற கொடு" என்றாள். கடைக்காரன் மீனைத் திருப்பிப் போட்டு, "இப்ப உங்க பின்னாடி நிக்கிறவங்களைப் பார்க்குது" என்றான். பின்னால் நின்றது நான்தான். அந்த மீனையே வாங்கி வந்தேன்.

குழந்தைக்கு முத்தம்.

ஹில்டா


வடகோடிப் பண்ணை,
ஆகஸ்ட் 30, 1953

எனிட் பொண்ணுக்கு,

சௌக்கியமா? இங்கே என் முட்டி தவிர எல்லாம் சௌக்கியம். பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை ரேடியோவில் சொல்லலாம் என்றால் நாற்பது வீடும் கேட்கும். அதனால்தான் எழுத்து.

உன் அக்கா கதைகளை ஒன்றுவிடாமல் கேட்கிறேன். முதல் கதை ரிப்பன். அதில் அவள் பேசினாள், அதுவும் எப்பேர்ப்பட்ட பேச்சு! அதன் பிறகு மூன்று கதை சொல்லிவிட்டாய். பூனை, டிராம், மீன், எல்லாவற்றிலும் மற்றவர்கள் பேசுகிறார்கள். அவள் ஒரு கதையிலும் வாயைத் திறக்கவில்லை. மீன்கடையில் அப்படி ஒரு வாய்ப்பு, ரிப்பன் கதை சொன்னவள் அதைச் சும்மா விடுவாளா? பேசுகிற வேலையை விட்டுப் பார்சல் கட்டப் போயிருக்கிறாள். கழுத்தில் சால்வை என்று வேறு சொன்னாய்.

நான் தப்பாக இருந்தால் என்னைத் திட்டு. ஆனால் கேட்டுவிடு, பொண்ணே. ஆரம்பத்தில் எங்கள் பெட்டிக்குக் குரலே கிடையாது, எல்லாம் தந்திச் சாவிதான். ஆறு வருஷம் அதிலேயே பேசினேன். தட்டு வருகிறதா என்பதைவிட, எது வரவில்லை என்று கேட்கத்தான் அப்போது பழகினேன்.

கிளாரியை விசாரித்ததாகச் சொல்.

எலிசா பெங்கெல்லி


தலாரா,
செப்டம்பர் 6, 1953

அக்கா,

உன் எல்லாக் கடிதத்தையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். மார்ச்சிலிருந்து.

எத்தனை தடவை உன்னை நலமா என்று கேட்டிருக்கிறேன், பதிலுக்கு நிற்காமல் கதை கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன் தொண்டைக்கு என்ன ஆயிற்று? உனக்குப் பேச முடிகிறதா?

கதை எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் போடு.

எனிட்


நார்வுட்,
அக்டோபர் 25, 1953

என் எனிட்,

மூன்று லாரி வெறுமையாக வந்திருக்கும். நான்கு கடிதம் எழுதினேன், நான்கிலும் நன்றாக இருக்கிறேன் என்றே வந்தது. கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

தொண்டைக்கட்டு வெறும் கட்டாக இல்லை. உள்ளே புற்று வளர்ச்சி. மே மாதம் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை, மூச்சு அந்த வழியாகத்தான். ரிப்பன் கட்டி மறைக்கிறேன். தினம் ஒரு நிறம், அதில் மட்டும் குறை வைக்கவில்லை. வளர்ச்சி திரும்பவில்லை என்று டாக்டர் போன வாரமும் சொன்னார். பிழைத்துக்கொண்டேன், எனிட். சத்தம் மட்டும் போய்விட்டது. ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் வைத்திருக்கிறேன். நான் எழுதி முடிப்பதற்குள் ஜனங்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பாதியில் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பேச்சு வேண்டும் என்று நீ என்னிடம்தான் வந்தாய். கடையை மூடியாகிவிட்டது என்று எப்படி எழுதுவேன்?

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு உன் டப்பா காலியாக இருக்குமே என்று தோன்றியது. அதற்காகத்தான் டிராமில் ஏறினேன். மீன் வாங்கினது, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டது, எல்லாம் அதற்காகத்தான். அந்தக் கனவான் வாயை மூடத் தெரிந்தவள் என்றாரே, அன்று வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து அதைச் சீட்டில் எழுதினேன்.

உன் பெங்கெல்லி அம்மாள் பொல்லாதவர்.

ஹில்டா


தலாரா,
நவம்பர் 8, 1953

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். கிளாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அரை மணி கழித்து, "வரச் சொல்லு" என்றான். கண்ணாடி போட்டு மாட்ட நீ கேட்ட வார்த்தை இதுதான், இரண்டாகவே கிடைத்துவிட்டது.

வா, அக்கா. புரோக்கன் ஹில் வரை ரயில். அங்கிருந்து தபால் லாரிக்காரர் உன்னை முன் சீட்டில் ஏற்றி வருவார், பேசிவிட்டேன். மருந்து, துணி, துளையைச் சுத்தம் செய்யும் முறை எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொண்டுவா. நான் கற்றுக்கொள்கிறேன். புழுதி நுழையாமல் துளைமேல் நனைத்துக் கட்டத் துணி தைத்து வைத்துவிட்டேன். இருபது தைத்திருக்கிறேன், உனக்குத் தெரியுமே என்னை. டாக்டரிடமும் ரேடியோவில் கேட்டேன், "வரட்டும்" என்றார். அவர் இங்கே டிசம்பர் பத்தாம் தேதி வருகிறார். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் வருவது அதுவே கடைசி, லினெட்டின் கெடுவும் அன்றுதான். இன்னும் சத்தமில்லை, அக்கா. அன்று நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிலேட்டில் நீ எழுதி முடிக்கும் வரை இங்கே எல்லாருக்கும் பொழுது இருக்கிறது. தந்திச் சாவியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். உனக்கு இன்னும் தட்ட வரும் என்று பெங்கெல்லி அம்மாளிடம் சொல்லிவிட்டேன். "வராம எங்கே போகும்? நீச்சல் மாதிரி அது" என்றார்.

மறுக்காதே.

உன் எனிட்


தலாரா, சமையலறை மேசை,
டிசம்பர் 3, 1953, காலை பத்தே முக்கால்

என் எனிட்,

நலம் விசாரிக்க நேரமில்லை. இங்கிருந்து பார்த்தால் நீ நலமாகவே தெரிகிறாய். முக்கால் மைலுக்கு அப்பால் காற்றாலை அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், மேலே கிளாரியின் கால் தெரிகிறது. ஓடிவர என் மூச்சு போதாது. கத்திக் கூப்பிட வழியில்லை. சிலேட்டில் எழுதலாம், ஆனால் சிலேட்டில் எழுதியதைத் துடைக்க வேண்டிவரும். இதைத் துடைக்க எனக்கு மனமில்லை. நீ வந்து சேர்வதற்குள் எழுதி முடிக்கிறேன்.

நீ போன பிறகு கச்சேரி தொடங்கியது. நான் மடியில் லினெட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். டாட் கேட்டாள், "எனிட், உங்கக்கா வந்து நாலு நாளாச்சு, இன்னும் ஒரு தட்டுகூடக் காணோம். வெக்கப்படுறாங்களா? ஓவர்." வெட்கமாம், எனக்கு! சாவியை இழுத்தேன். லினெட் தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாகத் தொடாத விரல், முதல் வரியில் மூன்று தப்பு. பெங்கெல்லி அம்மாள் நான் தட்டியதை வார்த்தை வார்த்தையாக எல்லாருக்கும் வாசித்தார்:

"ஹில்டா சொல்றாங்க. டிராம் கனவானுக்கு என் பதில். ஐயா, நீங்க முடிப்பீங்கன்னு காத்திருந்தேன். அதுல நான் இறங்கவேண்டிய இடம் தாண்டி மூணு நிறுத்தம் போயாச்சு."

எனிட், நாற்பது வீடும் சிரித்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வரிசையாக வந்து சிரித்தார்கள். ஒருத்தி சிரித்து "ஓவர்", அடுத்தவள் சிரித்து "ஓவர்". மே மாதத்துக்குப் பிறகு நான் சொன்னதற்கு யாராவது சிரித்தது இன்றுதான்.

பிறகு பெங்கெல்லி அம்மாள், "இன்னும் இருக்கா, ஹில்டா? ஓவர்" என்றார். கண்ணீரில் எனக்குக் கண் தெரியவில்லை. சாவிக்குப் பதிலாக ஒலிவாங்கியின் பட்டனை அழுத்திவிட்டேன். அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தேன். நம் சுவர்க்கடிகாரம் நாற்பது வீட்டில் கேட்டிருக்கும். நான் முடித்தேனா, இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் சொல்ல வழியில்லை.

லினெட் திரும்பி என் வாயைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கழுத்து ரிப்பனைத் தொட்டாள், இன்று மஞ்சள். பிறகு ஒலிவாங்கிப் பக்கம் குனிந்து, தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகக்கூட, சொன்னாள்:

"ஓவர்."

நான் பட்டனை விட்டேன். பிறகு பெங்கெல்லி அம்மாளின் குரல், அவருடையது போலவே இல்லை: "யாரும்மா அது?" லினெட் என்னைப் பார்த்தாள், நான் பட்டனை அழுத்தினேன், அவள் திரும்பவும் சொன்னாள். டாட் அழுவது கேட்டது. ஓவர் சொல்ல மறந்து அழுதுகொண்டே இருந்தாள்.

பத்தாம் தேதி டாக்டருக்கு இந்த ஒரு சொல் போதுமா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது, அதை மார்ச்சில் உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. பொறுக்கச் சொன்னேன், பேசச் சொன்னேன், கடைசி வரியில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியபின் எதிரே இருப்பவருக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லவில்லை. கவுண்டரில் நானும் விட்டதில்லை. இன்று எனக்கு வேறு வழியில்லாமல் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. குழந்தை வந்து உட்கார்ந்தாள்.

கிளாரி இறங்கிவிட்டான், ஏணியை எடுத்துவிட்டாய். உன் தொப்பி இந்தப் பக்கம் வருகிறது.

கச்சேரி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பெங்கெல்லி அம்மாள் யாரையும் பெட்டியை அணைக்க விடவில்லை. "அவ அம்மா இன்னும் கேட்கலை" என்றார். ஃபிராங்க், "டாக்டர் கேட்டா நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நாற்பது வீடும் பேசாமல் காத்திருக்கிறது. நம் கிளிகள் பேசாமல் இருப்பதை யாராவது நம்புவார்களா!

ஆகவே இதைப் படித்ததும் அழாதே, அவளைத் தூக்கிக் கொஞ்சாதே, என்னிடம் எதுவும் கேட்காதே. ரேடியோ முன் உட்கார். பட்டனை அழுத்து. டப்பாவிலிருந்து கைக்கு வருகிற ஒரு சீட்டை எடுத்து வாசி, எதுவானாலும் சரி. முடிவில் சொல்ல வேண்டிய அந்தச் சொல்லை மட்டும் நீ சொல்லாதே.

அப்படியே காத்திரு.

உன் ஹில்டா